பொறி எங்க போய் விழுதுன்னு பாத்தீங்களா?

கார் நிறுத்துற இடத்த வெல்டிங் பட்டறையா மாத்தி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. "மொதல்ல என்ன மிஷின் வாங்கலாம்?"னு யாராச்சும் கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி அலுத்துப்போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே மூச்சுல எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். முன்னாடியே சொல்லிடறேன், நான் தொழில் பண்ற வெல்டர் இல்ல, லீவு நாள் வெல்டர். கேட்டு, ஸ்டாண்டு, ஷெல்ஃபு, ஒடிஞ்ச நாற்காலிக் காலு, இதான் நம்ம எல்லை. ஆள் ஏறி நிக்கிற படிக்கட்டு, வண்டி சேஸ் எல்லாம் தொழில் தெரிஞ்சவங்க கிட்ட விட்டுடறது.

எல்லாரையும் போல நானும் மொதல்ல மிஷினத்தான் வாங்கினேன். பெட்டி வந்த அன்னிக்கே கை அரிக்குது, மேஜை கிடையாது, தனி லைன் கிடையாது, கார் பக்கத்துலயே நிக்குது, ஒரு எட்டடி தள்ளி தரையில குத்த வெச்சு ரெண்டு ஆங்கிள் துண்ட கிரைண்டர்ல தேச்சேன். ரெண்டு நாள் கழிச்சு கார் கழுவறப்ப முன் கண்ணாடியில மிளகு தூவுன மாதிரி பழுப்புப் புள்ளி. தண்ணி ஊத்தி தேச்சா போகல, நகத்தால சுரண்டினாலும் போகல, விரல் வெச்சு தடவினா சொரசொரன்னு இருக்கு. அப்பதான் உறைச்சுது, கிரைண்டர்ல இருந்து பறக்கிற பொறி வெறும் வெளிச்சம் இல்ல, ஒவ்வொண்ணும் பழுக்கக் காஞ்ச இரும்புத் துணுக்கு. கண்ணாடியில பட்ட எடத்துல லேசா உருக்கி உள்ள பதிஞ்சுடுது, அப்புறம் ஈரம் பட்டு துருப் பிடிக்குது. மேல் பெயிண்ட்லயும் அதே கதைதான். இன்னிக்கும் மழையில வைப்பர் போட்டா அந்தப் பக்கம் கரகரன்னு ஒரு சத்தம் வரும்.

அதுக்கப்புறம் செஞ்ச ஒரே உருப்படியான காரியம் என்னன்னா, ஒரு நாள் ராத்திரி கார வெளிய விட்டுட்டு, உள்ள இருந்த எல்லா லைட்டையும் அணைச்சுட்டு, ஒரு துண்டு இரும்ப வைஸ்ல கடிக்க வெச்சு, முகத்துக்கு ஷீல்டு போட்டுக்கிட்டு பத்து செகண்டு கிரைண்டர் ஓட்டுனேன், பக்கத்துல தம்பி நின்னு பாத்துக்கிட்டு இருந்தான். பகல்ல பாக்கறப்ப பொறி ஒரு மூணு நாலு அடி போய் மறைஞ்சுடற மாதிரிதான் தெரியும். இருட்டுல பாத்தா அப்படியே நேரா போய் எதிர்ச் செவுத்துல அடிச்சு, கீழ விழுந்து, தரையில உருண்டு, ஷட்டர் அடியில இருக்கிற இடுக்குல புகுந்து வெளிய போகுது. ஒரு கொத்து, செவுத்தோரமா அடுக்கி வெச்சிருந்த அட்டைப் பெட்டிக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கிச்சு. தம்பி அந்தப் பெட்டியப் பாத்தான், நான் தம்பியப் பாத்தேன். தொழிற்சாலைகள்ல வெல்டிங் பண்ற எடத்த சுத்தி பத்து பதினோரு மீட்டருக்கு எரியுற சாமான் இருக்கக்கூடாதுன்னு விதி வெச்சிருக்காங்க, அது சும்மா பயமுறுத்த சொன்னதுன்னு நெனச்சிருந்தேன். நம்ம இடத்தோட மொத்த நீளமே ஆறு மீட்டர்தான். அப்ப கணக்கு என்னன்னா, அந்த நாலு செவுத்துக்குள்ள இருக்கிற எல்லாமே பொறிக்கு எட்டுற தூரம்தான்.

பட்டறை அமைக்கிறதுன்னா என்னன்னு எனக்குப் புரிஞ்சது அன்னிக்குத்தான். பொறி எங்க போகும், புகை எங்க போகும், கரண்ட்டு எந்த வழியா போய்த் திரும்பி வரும், இந்த மூணையும் பாத்து முடிச்சுட்டா மிஷின் எதுவா இருந்தாலும் ஓடும். அதப் பாக்காம எவ்வளவு நல்ல மிஷின கொண்டாந்து வெச்சாலும் தலைவலிதான்.

அடுத்த நாளே பெயிண்ட் டப்பா, தின்னர், அட்டை, பழைய துணி, பெட்ரோல் கேன் எல்லாம் வெளிய போச்சு. கொல்லன் பட்டறையில ஈக்கு என்ன வேலைன்னு கேப்பாங்க, பெட்ரோலுக்கு அதவிட வேலை கிடையாது. பெட்ரோல் ஆவி காத்த விட கனம், மேல போகாது, தரையோட தரையா படர்ந்து மூலையில தேங்கும், பொறியும் தரையிலதான் உருளுது, ரெண்டும் சந்திக்கிறதுக்கு நாம இடம் குடுக்கக்கூடாது. கார் பேட்டரிய சார்ஜ் போடறதும் இதே எடத்துல வேணாம், சார்ஜ் ஏறறப்ப சட்டுனு தீப்பிடிக்கிற ஹைட்ரஜன் வரும். தீயணைப்பான் ஒண்ணு, ஏபிசி பவுடர் வகை, வாங்கி மாட்டியாச்சு. அத எங்க மாட்டறோம்கிறது முக்கியம். நான் மொதல்ல மேஜைக்குப் பின்னால செவுத்துல மாட்டி வெச்சிருந்தேன், மேஜையில தீப்பிடிச்சா அந்தத் தீயத் தாண்டிப் போய்தான் எடுக்கணும், அப்படி ஒரு புத்திசாலித்தனம். இப்ப வாசக்கதவு ஓரமா தொங்குது.

தரை சிமெண்டுங்கிறதால தைரியமா இருக்கலாம்னு நெனப்போம். ஆனா சிமெண்டுத் தரை மேலயே இரும்ப வெச்சு காய்ச்சினா உள்ள இருக்கிற ஈரம் ஆவியாகி வெளிய வர வழி இல்லாம படார்னு சில்லு தெறிக்கும். முட்டி உயரத்துல தெறிச்சா பரவால்ல, நாம குனிஞ்சுதானே வேலை செய்வோம்.

சரி, கரண்ட்டு. இங்கதான் நெறைய பேரு மிஷின் மேல இருக்கிற 200 ஆம்பியர்ங்கிற எண்ணப் பாத்து மெரண்டு போறாங்க, இல்லன்னா மெரளவே மாட்டேங்கறாங்க. ராடு வெல்டிங்ல (மருந்து பூசுன கம்பிய உருக்கி ஒட்டறது) ஆர்க், அதாவது ராடு முனைக்கும் இரும்புக்கும் நடுவுல எரியுற மின்சார வெளிச்சம், அதோட வோல்ட்டேஜுக்கு ஒரு கணக்கு இருக்கு, 20ஓட ஆம்பியர 0.04ஆல பெருக்கி கூட்டிக்கணும். நாம வீட்ல அதிகமா ஓட்டறது 2.5 எம்எம் ராடு, அதுக்கு 80 ஆம்பியர் சுமாரா போதும். 80க்கு 23.2 வோல்ட், பெருக்கினா 1,856 வாட், மிஷின் உள்ள வீணாப்போற சூட்டையும் சேத்தா 2.2 கிலோவாட்டுக்கு கொஞ்சம் மேல. இது 16 ஆம்பியர் சாக்கெட்லயே ஓடிடும். அதே மிஷின 200ல வெச்சா 28 வோல்ட், 5,600 வாட், உள்ள இழுக்கறது ஏழு கிலோவாட்ட நெருங்கும். அதுலயும் சாதாரண இன்வர்ட்டர் வகை வெல்டிங் மிஷின் (வீட்ல பேட்டரியோட இருக்கிற இன்வர்ட்டர் இல்ல) கரண்ட்ட சீரா இழுக்காம முட்டி முட்டித்தான் இழுக்கும், அதனால வாட்ட வோல்ட்டேஜால வகுத்தா வர்ற ஆம்பியர விட வயர்ல ஓடறது அதிகமாவே இருக்கும். நான் எலக்ட்ரீஷியன வெச்சு போர்டுல இருந்து நேரா 6 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர்ல தனி லைன், கரண்ட்டு அதிகமானா தானா விழற 32 ஆம்பியர் எம்சிபி, கரண்ட்டு கசிஞ்சா அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த், எல்லாம் இழுத்துட்டேன். வயரிங் மட்டும் நானே பண்ணலாம்னு ஆசைப்படல, ஆசைப்படாதீங்க.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பத்தி ஒரு வார்த்தை. உருளையில சுத்தி வர்ற வயர் இருக்குல்ல, அத சுத்துனபடியே வெச்சு பாதி வயர மட்டும் இழுத்து வெல்டிங் ஓட்டினா உள்ள இருக்கிற சுத்து சூடு வெளியேற வழியில்லாம ஒண்ணோட ஒண்ணு உருகி ஒட்டிக்கும். எவ்வளவு தூரம் வேணுமோ இல்லையோ, முழுசா பிரிச்சுப் போட்டுட்டுத்தான் ஓட்டணும்.

அப்புறம் அந்த எர்த் கிளாம்ப். பேருதான் எர்த்து, வீட்டு எர்த்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, அது கரண்ட்டு மிஷினுக்குத் திரும்பி வர்ற வழி. பெயிண்ட்டும் துருவும் சுரண்டி, வெல்டு பண்ற எடத்துக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட மாட்டணும். சக்கரம் வெச்ச வண்டி ஒண்ணுல மேல வெல்டு பண்ணிட்டு கிளாம்ப சக்கரத்துப் பக்கம் மாட்டினா கரண்ட்டு பேரிங் வழியாத்தான் திரும்பும், குண்டெல்லாம் சொத்தையாயிடும். "ராடு ஒட்டிக்குது, ஆர்க் நிக்க மாட்டேங்குது"ன்னு பொலம்பறவங்கள்ல பாதிப் பேருக்கு வியாதி கிளாம்ப்லதான் இருக்கு.

டூட்டி சைக்கிள்னு ஒண்ணு மிஷின் மேல போட்டிருப்பாங்க, 60 சதவீதம்னா பத்து நிமிஷத்துல ஆறு நிமிஷம் ஓட்டலாம், நாலு நிமிஷம் ஆறணும். வீட்ல ஓட்டற நமக்கு அந்த ஆறு நிமிஷம் வரவே வராது, ஒரு ராடு எரிஞ்சு முடிய ஒரு நிமிஷம் சொச்சம்தான், மிச்ச நேரம் வெல்டு மேல படியுற கசடு, அந்த ஸ்லாக் தட்டிக்கிட்டு இருப்போம். அதனால அந்த எண்ணுக்காக ரொம்ப மண்டைய ஒடச்சுக்க வேணாம்.

மிக்கா (சுருள் கம்பியும் கேஸும் வெச்சு ஒட்டறது), டிக்கா (டங்ஸ்டன் முனையும் கேஸும் வெச்சு ஒட்டறது), ராடாங்கிற சண்டைக்குள்ள நான் போகல. நான் ராடுல ஆரம்பிச்சேன், காரணம் கேஸ் சிலிண்டர் வேணாம், கதவத் தொறந்து வெச்சு காத்துல வேலை செய்யலாம், இரும்பு கொஞ்சம் அழுக்கா இருந்தாலும் பொறுத்துக்கும். மிக்ல கேஸ்தான் உருகுன இரும்புக்குப் போர்வை, ஃபேன் காத்து கொஞ்சம் வேகமா அடிச்சாலே போர்வை விலகிடும், வெல்டு முழுக்க ஓட்டை ஓட்டையா தேன்கூடு மாதிரி வரும். ஆனா 1 எம்எம் தகடுதான் உங்க வேலைன்னா ராடுல மாரடிக்காதீங்க, பொத்தல் மேல பொத்தல் விழுந்து வெறுத்துடுவீங்க. ராடு வாங்கறப்ப 6013ங்கற வகைய வாங்குங்க, அந்த 60ங்கறது 60,000 பிஎஸ்ஐ (ஒரு சதுர இஞ்சுக்கு அத்தனை பவுண்டு) பலம், அடுத்த 1ங்கறது எந்தப் பக்கம் திருப்பி வேணா ஒட்டலாம்னு அர்த்தம். 7018ங்கற வகை பலமானதுதான், ஆனா ஈரம் ஆகாது, ஈரம் பட்டா 300 டிகிரிக்கு மேல அடுப்புல வாட்டித்தான் எடுக்கணும், வீட்ல அதுக்கெல்லாம் எங்க போறது.

புகைக்கு வரேன். ஜன்னல் இருக்குல்லன்னு நெனச்சேன், பத்தாது. எக்ஸாஸ்ட் ஃபேன் எங்க வைக்கறோம்கறதுலதான் விஷயம் இருக்கு. என் மொத ஃபேன் என் பின்தலைக்கு மேல இருந்துச்சு, மேஜையில கிளம்புற புகை அத்தனையும் என் மூக்கு வழியா போய்தான் வெளிய போச்சு. இப்ப மேஜைக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் பக்கவாட்டுல இருக்கு, என் முதுகுப் பக்கம் கதவு தொறந்திருக்கும், புகை என்னை விட்டு விலகிப் போகுது. துத்தநாக முலாம் பூசுன ஜிஐ பைப்ப அப்படியே வெல்டு பண்ணாதீங்க, ரெண்டு பக்கமும் ஒரு ரெண்டு மூணு இஞ்சுக்கு முலாம தேச்சு எடுத்துட்டு, மாஸ்க்கும் போட்டுக்கிட்டு பண்ணுங்க. இரும்பு உருக 1,500 டிகிரி கிட்ட வேணும், துத்தநாகம் 907லயே கொதிச்சு ஆவியாயிடும், அதான் அந்த வெள்ளைப் புகையும் பஞ்சு பஞ்சா பறக்கிறதும். சாயங்காலம் குளிர் காய்ச்சல் வந்து ஒடம்பு முறிஞ்சு போடும், எனக்கு ஒரு தடவ வந்துச்சு, ஃப்ளூன்னு நெனச்சு போர்த்திப் படுத்தேன், ஒரு நாள்ல சரியாச்சு.

இதவிட மோசம் ஒண்ணு இருக்கு, அத மட்டும் தயவுசெஞ்சு மனசுல வெச்சுக்கோங்க. எண்ணெய் பிசுக்க எடுக்க பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சுட்டு அது மேல வெல்டு பண்ணாதீங்க. குளோரின் கலந்த வகையா இருந்தா ஆர்க் சூட்டுலயும் அல்ட்ரா வயலட்லயும் அது பாஸ்ஜீனா மாறும், மொத உலகப் போர்ல ஆளக் கொல்ல விட்ட அதே கேஸ். சாதாரண மாஸ்க் இதுக்கெல்லாம் தாங்காது. சோப்புத் தண்ணி போட்டு கழுவி நல்லா காய வெச்சா போதும்.

கண்ணுக்கு வெல்டிங் கண்ணாடி ஷேடு 10 (எவ்வளவு இருட்டுங்கிற எண்), நம்ம 80, 100 ஆம்பியருக்கு அது சரியா இருக்கும். தானா இருட்டாகுற ஹெல்மெட் வாங்குனா ரெண்டு கையும் ஃப்ரீ, ஆரம்பக்காரங்களுக்கு அது பெரிய வரம். ஆனா நான் மாட்டிக்கிட்டது என் ஆர்க்ல இல்ல. தம்பி டேக் (துண்டுகள் நகராம இருக்க வைக்கிற சின்னப் புள்ளி வெல்டு) வைக்கிறான், நான் பக்கத்துல நின்னு பைப்ப புடிச்சுக்கிட்டு மூஞ்ச மட்டும் திருப்பிக்கிட்டேன், செவுத்துல சாய்ச்சு வெச்சிருந்த பளபளா அலுமினியத் தகடுல பட்டு திரும்பி வந்து அடிச்சிருக்கு. அப்ப ஒண்ணும் தெரியல. ராத்திரி ரெண்டு மணிக்கு கண்ணுக்குள்ள ஒரு கைப்பிடி மணல அள்ளிப் போட்ட மாதிரி, தொறக்கவும் முடியல மூடவும் முடியல, தண்ணியா ஊத்துது, விடியறதுக்குள்ள ஒரு யுகம் போச்சு. காலையில டாக்டர் பாத்துட்டு சிரிச்சாரு. அதுக்கப்புறம் செவுத்துக்கு மங்கலான சாம்பல் கலர் பெயிண்ட், பளபளப்பான எதுவும் மேஜை பக்கம் கிடையாது, புடிக்கிறவனுக்கும் ஒரு ஹெல்மெட். சட்டை மேல் பட்டன் தொறந்திருந்தா கழுத்துல முக்கோணமா வெந்து போகும், அதுவும் ஆகியிருக்கு. துணி பருத்தியா இருக்கட்டும், பாலியெஸ்டர் எரியறதோட நிக்காது, உருகி தோலோட ஒட்டிக்கும்.

இப்ப மேஜை. எனக்குத் தெரிஞ்ச வெல்டர் அண்ணன் ஒருத்தர், முப்பது வருஷ கை, ஒரு நாள் வீட்டுக்கு வந்தாரு. நான் பெருமையா மிஷின காட்டறேன், அவரு அதத் திரும்பிக்கூட பாக்காம, "தம்பி, எது மேல வெச்சு ஒட்டற?"ன்னு கேட்டாரு. "தரையிலதாண்ணே"ன்னேன். "அப்ப தரை எப்படிக் கோணலோ உன் சாமானும் அப்படித்தான் வரும்"னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

அதனால மொத வேலையே மேஜை. 1,200க்கு 600 எம்எம், மேல 8 எம்எம் பிளேட், அது மட்டுமே 45 கிலோ வரும், காலுக்கும் ஃப்ரேமுக்கும் 50 எம்எம் ஸ்கொயர் பைப். நாலு பைப்ப மூலைமட்டம் வெச்சு சரியா அடுக்கிட்டு, மொத மூலைய ஒரே இழுவையில முழுசா ஒட்டிட்டேன். அழகா வந்துச்சு, மீன் செதில் மாதிரி. அப்படியே நாலையும் முடிச்சுட்டு குறுக்களவு பாத்தா, ஒரு மூலைவிட்டம் 1,344, இன்னொண்ணு 1,339. ரெண்டும் 1,341 சொச்சத்துல நிக்கணும். டேப்ப நாலு தடவ புடிச்சுப் பாத்தேன், டேப்பு தப்புன்னு சொல்லிடும்னு ஒரு நப்பாசை.

காரணம் இதுதான். வெல்டு உருகுனப்ப விரிஞ்சிருக்கும், ஆறும்போது சுருங்கும், சுருங்கறப்ப எந்தப் பக்கம் ஒட்டுனோமோ அந்தப் பக்கமா பைப்ப இழுத்துக்கும். ஒரு மீட்டர் இரும்பு நூறு டிகிரி ஏறினாலே 1.2 எம்எம் நீளும், வெல்டு எடத்துல ஏறறது ஆயிரத்துக்கு மேல, அப்ப இழுக்காம என்ன செய்யும். மூலைமட்டம் வெச்சது எல்லாம் ஒட்டறதுக்கு முந்தி இருந்த நெலமைக்குத்தான். அண்ணனுக்கு ஃபோன் போட்டா, "எல்லா மூலையிலயும் புள்ளி வெச்சியா?"ன்னாரு. வெக்கல. நாலு மூலையிலயும் மொதல்ல சின்னச் சின்னதா டேக் வெக்கணும், குறுக்களவு பாக்கணும், சரியில்லன்னா டேக் ஒடச்சு இல்ல தட்டி சரி பண்ணணும், அப்புறம்தான் கொஞ்சம் இங்க, கொஞ்சம் எதிர் மூலையில, மறுபடி இங்கன்னு மாத்தி மாத்தி ஒட்டணும். ரெண்டு மூலைய அறுத்துட்டு, நீளமா இருந்த மூலைவிட்டத்துல கிளாம்ப் போட்டு இறுக்கி, திரும்ப ஒட்டினேன். இப்ப ஒரு எம்எம் வித்தியாசம், அதோட விட்டுட்டேன். மேல் பிளேட்டயும் சுத்தி முழுக்க ஒட்டாதீங்க, அப்பளம் மாதிரி வளைஞ்சுடும், அங்கங்க ஒரு இஞ்சு ஒட்டுனா போதும்.

உயரம் உங்க இடுப்புக்குப் பாருங்க, எனக்கு 870 எம்எம். வைஸ் தாடை முழங்கை உயரத்துக்கு வந்தா அரம் போட தோள் வலிக்காது. சி-கிளாம்ப் எத்தனை வாங்குனாலும் இன்னும் ரெண்டு கம்மியாத்தான் இருக்கும், இது ஏன்னு எனக்கும் புரியல.

கிரைண்டர் பத்தி சொல்லாம முடிக்க முடியாது, ஏன்னா என்னக் கேட்டா அந்த எடத்துல ரொம்ப ஆபத்தானது வெல்டிங் மிஷின் இல்ல, அதுதான். நாலு இஞ்சு வீலு 11,000 ஆர்பிஎம்ல சுத்தறப்ப ஓரம் செகண்டுக்கு 57 மீட்டர் போகுது, மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல. வீல் மேல செகண்டுக்கு 80 மீட்டர்னு எல்லை போட்டிருப்பான். சில பேரு பெரிசா வெட்டணும்னு வீல மறைக்கிற காப்புத் தகட்ட, அந்த கார்ட, கழட்டிட்டு அதே சின்ன கிரைண்டர்ல ஏழு இஞ்சு வீல மாட்டறாங்க, கணக்கு போட்டுப் பாருங்க, 103 மீட்டர் வருது. எல்லையத் தாண்டியாச்சு, தடுக்க கார்டும் இல்ல, மூஞ்சிக்கு நேரா. வீல் நடுவுல இருக்கிற தகரத்துல காலாவதி தேதி கூட அடிச்சிருப்பான், நான் பாத்ததே இல்ல ரொம்ப நாளா. கட்டிங் வீல வெச்சு பக்கவாட்டுல தேய்க்கறதும் வேணாம்.

டிரில்ல ஒரே விஷயம், மெதுவா சுத்துங்க. 10 எம்எம் பிட்டுக்கு 800 ஆர்பிஎம் போதும், கொஞ்சம் எண்ணெய் விட்டு அழுத்துனா சுருள் சுருளா வரும். நான் கை டிரில்ல முழு வேகத்துல விட்டு நாலு பிட்ட நீலமாக்கி இருக்கேன். டிரில் பக்கம் நிக்கறப்ப மட்டும் கிளவுஸ கழட்டிடுங்க, சுத்திக்கிச்சுன்னா விரலோட இழுக்கும்.

கடைசியா ஒரு பழக்கம். ஆரம்பத்துல ஒரு நாள் வேலைய முடிச்சு, மிஷின அணைச்சு, கதவ சாத்திட்டு உள்ள போயிட்டேன். ஃபோன மறந்துட்டேன்னு இருபது நிமிஷம் கழிச்சு திரும்ப வந்தா, வாசல்ல போட்டிருந்த கயித்து மிதியடியில இருந்து ஊதுபத்தி மாதிரி ஒரே ஒரு இழை புகை நேரா மேல போய்க்கிட்டு இருக்கு. மேல தீ ஒண்ணும் தெரியல. தூக்கிப் பாத்தா உள்ள உள்ளங்கை அகலத்துக்கு செவப்பா கனகனன்னு. அந்த ஃபோன நான் மறக்காம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்பவும் நெனச்சுப் பாக்கறது உண்டு.

அதுல இருந்து கடைசிப் பொறி பறந்து அரை மணி நேரமாச்சும் அங்கயே இருப்பேன். சும்மா இருக்க முடியாதுல்ல, கூட்டுவேன். இரும்புத் தூள வெளக்கமாத்தால கூட்டுனா மூக்குலதான் ஏறும், அதனால பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒண்ண பிளாஸ்டிக் கவருக்குள்ள போட்டு தரை மேல தடவிக்கிட்டே போனா மொத்தமா முள்ளம்பன்றி மாதிரி ஏறிக்கும், கவர உள்பக்கம் வெளியாகத் திருப்பி காந்தத்த எடுத்துட்டா தூள் எல்லாம் கவருக்குள்ளயே தங்கிடும். போன வாரம் மேஜைக்கு அடியில தடவறப்ப டக்குனு ஒரு சத்தம், எடுத்துப் பாத்தா ஒரு மாசமா தேடிக்கிட்டு இருந்த வைஸ் கைப்பிடி நட்டு.